மேற்கோள் குறி இல்லாத உரையாடல் நாவலில் நிற்குமா?

மண்டபம் வாசகன்:
பாம்பன், மூக்கையூர்ப் பக்கத்துக் கடல்தொழிலாளர் பேச்சை வைத்து எழுதிய நாவல் அச்சுக்குப் போக இருக்கிறது. உரையாடலில் மேற்கோள் குறி ஒன்றுகூடக் கிடையாது. காற்புள்ளியும் குறைவு. பேச்சும் விவரிப்பும் ஒரே ஓட்டமாக வரவேண்டும் என்பதே நோக்கம். பதிப்பகத்தார் குறிகளைப் போடச் சொல்கிறார்கள். வழக்கத்துக்கு மாறான நிறுத்தக்குறிக்கு அச்சிட்ட புனைவில் இடம் உண்டா? எந்த இடத்தில் சிக்கும்?

தொண்டி மெய்ப்பு:
தாராளமாக இடம் உண்டு. ஓலைச்சுவடியில் காற்புள்ளி ஏது? மெய்யெழுத்தின் புள்ளியையே பெரும்பாலும் விட்டுத்தான் எழுதினார்கள். இந்தக் குறிகள் அச்சோடு வந்து பரவியவை. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் உரைநடையில் முறையாகக் கையாண்டார். அதுவரை அந்த வேலையை இலக்கணமே பார்த்துக்கொண்டது. 'என்று' பேச்சை மூடும், 'ஆ' கேள்வியைக் காட்டும், 'உம்' அடுக்கும்.

ஆனால் 'என்றான்' பேச்சு முடிகிற இடத்தைத்தான் காட்டும், தொடங்குகிற இடத்தைக் காட்டாது. உங்களுக்குச் சிக்கப்போவது அங்கேதான். இதைப் பாருங்கள்:

அந்தோணி மாமா காத்து மாறும் என்றான்.

அந்தோணி தன் மாமாவிடம் சொன்னானா, வேறொருவன் அந்தோணி மாமாவிடம் சொன்னானா? குறி இருந்தால் சந்தேகமே வராது. இல்லாவிட்டால் வாக்கியத்தைத் திருப்பிப் போட வேண்டும்:

காத்து மாறும் மாமா என்றான் அந்தோணி.

விளிச்சொல் பேச்சின் கடைசிக்கும், பேசுகிறவர் பெயர் 'என்றான்'-க்குப் பின்னும் போய்விட்டால் முக்கால்வாசிக் குழப்பம் தீரும். புதிய ஆள் பேசும்போது புதிய பத்தி. இந்த இரண்டையும் நாவல் முழுக்கத் தவறாமல் செய்யுங்கள். பத்து இடத்தில் செய்து பதினோராவது இடத்தில் விட்டால் வாசகர் அதைப் பிழை என்றுதான் எடுத்துக்கொள்வார்.

கேள்விக்குறியை எடுக்கும்போது இன்னொன்று. 'போகலயா' தானே நிற்கும். வெறும் குரலேற்றத்தால் கேட்கிற 'நீ போகல?' நிற்காது. அங்கே குறியை விட்டுவையுங்கள்.

கீழக்கரை லாத்தா:
தம்பி, மேல சொன்னதோட ஒண்ணு சேர்க்கணும். விவரிப்பு எழுத்துத் தமிழ், பேச்சு ஊர்த்தமிழ் என்று பிரிந்திருந்தால் மேற்கோள் குறி தேவையே இல்லை.

காற்று வலுத்திருந்தது. கச்சான் கனத்துக் கெடக்கு இன்னைக்கு வல்லத்த எறக்க வேணாம்ணே என்றான்.

கச்சான் ஒரு காற்று, வல்லம் படகு. 'கனத்துக் கெடக்கு' என்ற இடத்திலேயே குரல் மாறியது காதில் விழுகிறது. கதைசொல்லியும் ஊர்த்தமிழிலேயே சொன்னால் இந்த அடையாளம் போய்விடும். அப்படி எழுதியிருந்தால் பதிப்பகத்தார் சொல்வது நியாயம்.

வெளிநாட்டு நாவலைப் பார்த்துச் செய்கிறவர்கள் தடுக்கி விழுவதும் இதில்தான். போர்ச்சுகலின் சரமாகோ, 1998இல் நோபல் வாங்கியவர், மேற்கோள் குறி போடமாட்டார். காற்புள்ளி வைத்து, அடுத்த சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்குவார். ஆள் மாறியது தெரிந்துவிடும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. வெறும் காற்புள்ளியை மட்டும் எடுத்து வந்தால் பாதிக் கருவிதான் கையில் இருக்கும்.

நிறுத்தம் அலங்காரம் இல்லை. குர்ஆன் பிரதிகளில் ஓதுகிறவருக்காக வக்ஃபு, அதாவது நிறுத்த அடையாளங்கள் போட்டிருக்கும்: மீம் என்ற அரபு எழுத்து இருந்தால் நிறுத்த வேண்டும், லா இருந்தால் நிறுத்தக்கூடாது. நிறுத்துகிற இடம் மாறினால் பொருள் மாறிவிடும் என்கிற கவலைதான்.

மண்டபம் வாசகன்:
விவரிப்பு எழுத்துத் தமிழ்தான் லாத்தா. அப்படியானால் மிச்சக் காற்புள்ளிகளையும் கணினியில் மொத்தமாக அழித்துவிடலாமா?

தேவிபட்டினம் அச்சுக்கோப்பு:
வேண்டவே வேண்டாம் அண்ணே. காற்புள்ளியை எடுத்தால் பல இடங்களில் ஒற்று போட வேண்டிவரும்.

மீனை அள்ளி, கூடையில் கொட்டி, தலையில் தூக்கினாள்.

இங்கே காற்புள்ளி இருப்பதால் ஒற்று இல்லை. அதை எடுத்தால் 'அள்ளிக் கூடையில் கொட்டித் தலையில் தூக்கினாள்' என்று ஆக வேண்டும். மொத்தமாக அழித்தால் பக்கத்துக்குப் பத்து சந்திப்பிழை நிற்கும். ஒவ்வொன்றாகப் பார்த்து எடுங்கள்.

சில காற்புள்ளியை எடுக்கவே கூடாது. 'கரைக்கு வந்த, வல்லத்தின் சொந்தக்காரர்' என்றால் வந்தது ஆள். காற்புள்ளி போனால் வந்தது வல்லம்.

கோப்பு பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தால் கூடுதல் கவனம். அதில் காற்புள்ளி விசையைத் தட்டினால் 'இ' வரும், அரைப்புள்ளி விசை மெய்யின் புள்ளி. நடுவில் ஆங்கில எழுத்துருவில் போட்ட காற்புள்ளி, யூனிகோடுக்கு மாற்றும்போது 'இ' ஆகிவிடும். குறி குறைவான நாவலில் அந்த ஒற்றை 'இ' கண்ணில் படாமல் அச்சு வரை போய்விடும். மாற்றியதும் சொல்லின் கடைசியில் ஒட்டி நிற்கும் 'இ'யைத் தேடிப் பாருங்கள்.

தொண்டி மெய்ப்பு:
கோப்போடு அரைப்பக்கக் குறிப்பும் கொடுங்கள்: மேற்கோள் குறி கிடையாது, கேள்விக்குறி இன்ன இடத்தில் மட்டும், ஆள் மாறினால் புதிய பத்தி. இல்லாவிட்டால் மெய்ப்புப் பார்க்கிறவர் நல்லெண்ணத்தோடு பாதி நாவலுக்குக் குறி போட்டுவிடுவார். அதற்கு முன், நாவலைப் படிக்காத ஒருவரிடம் பத்துப் பக்கத்தை உரக்க வாசிக்கச் சொல்லி, அவர் திரும்பிப் போய்ப் படித்த வரிகளைக் கோடிட்டு வாங்குங்கள். அந்த வரிகளை மட்டும் மாற்றி எழுதினால் போதும்.