முருகைக்கல்லை உயிரோடு பார்த்தோம்

நெடுந்தீவுப் பேரன்:

போன பங்குனிக் கடைசியில் எங்கள் வகுப்பில் 14 பேர் பருத்தித்துறைப் பக்கம் முருகைப்பாறை, அதுதான் பவளப்பாறை, பார்க்கப் போனோம். அதில் நீச்சல் தெரிந்தவர்கள் 5 பேர்தான். சுற்றிவரக் கடல் இருக்கிற ஊரில் பிறந்துவிட்டு இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் யுத்தம் நடந்த எங்கள் அப்பாமார் காலத்தில் கடல் தொழிலுக்குப் போகவே பாஸ் வேண்டும், கரை நெடுக முட்கம்பி. "கடற்கரைப் பக்கம் போகாதை" என்று சொல்லியே எங்களை வளர்த்தார்கள்.

வாடைக் காற்று அடங்கி, சோளகக் காற்று பிடிப்பதற்கு முந்திய சில கிழமைகள் வடகரைக் கடல் குளம் போலக் கிடக்கும். வள்ளக்கார அண்ணை அந்த நாளாகப் பார்த்துத்தான் எங்களை வரச் சொன்னார். முந்திச் சங்கு குளித்தவர். வள்ளம் போய்வரப் பாறையை வெட்டி வைத்திருக்கிற வழியை அங்கே வான் என்கிறார்கள். அதால் வெளியே போய், மணல் திட்டு ஒன்றைத் தேடி நங்கூரம் போட்டார்.

தண்ணிக்குள் பார்க்க முகத்தில் மாட்டுகிற கண்ணாடிக்குள் துப்பித் தேய்த்துக் கழுவினால் ஆவி படியாது என்றார். பெட்டையள் முகத்தைச் சுளித்தார்கள், பிறகு எல்லோரும் துப்பினார்கள். என் பிரச்சினை வேறு: மீசை. றப்பர் விளிம்பு தோலோடு ஒட்டாமல், மயிர் இடுக்கால் தண்ணி கசிந்து மூக்கடிக்கு வந்துகொண்டே இருந்தது.

முகத்தைத் தண்ணிக்குள் வைத்ததும் முதலில் பிடிபட்டது சத்தம்தான். தாச்சியில் கடுகு வெடிக்கிற மாதிரி விடாத பொரிச்சல். அலைவரிசை பிடிபடாத பழைய ரேடியோ போல என்று ஒருத்தன் சொன்னான், அதுவும் சரிதான். பாறை இடுக்கில் இருக்கிற சின்ன இறால்களின் வேலை அது என்று சேர் பிறகு சொன்னார். ஒரு கொடுக்கைப் படாரென்று மூடும்போது உண்டாகிற குமிழி உடைகிற சத்தமாம். அதற்கு மேலால் இடைக்கிடை 'கறுக், கறுக்' என்று இன்னொன்று. கிளிமீன் பாறையைக் கடிக்கிறது. கடித்ததில் தின்னக்கூடியதைத் தின்றுவிட்டு, மிச்சத்தை வெள்ளை மணலாகப் பின்னால் விட்டுக்கொண்டு போனது. கடற்கரை மணலில் படுத்துப் படம் எடுக்கிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருந்தால் நல்லது.

அப்புறம்தான் கல்லைப் பார்த்தேன். கவிழ்த்த கிடாரம் அளவில், பச்சையும் மண்ணிறமும் கலந்து, மேலெல்லாம் சின்னச் சின்ன வட்டப் பூக்கள். எங்கேயோ பார்த்த பூ. நெடுந்தீவில் அம்மம்மாவின் வளவு வேலி முழுக்க முருகைக்கல் அடுக்கியதுதான். சின்ன வயதில் கொப்பித்தாளை அந்தக் கல்லில் வைத்துப் பென்சிலால் தேய்ப்போம், பூப்பூவாக விழும். இத்தனை வருடமும் அது கல்லில் இருக்கிற கோலம் என்றே நினைத்திருந்தேன். ஒவ்வொரு பூவும் ஒரு சீவன் இருந்த வீடு. இங்கே அந்த வீடுகளுக்குள் ஆட்கள் இருந்தார்கள்.

அதிலேயே நெடுநேரம் நின்றுவிட்டேன். மற்றவர்கள் கண்ட கலவாய், திருக்கை எதையும் நான் காணவில்லை.

கூடப் போனவள்:

"நின்றுவிட்டேன்" என்று ஒரு சொல்லில் கடந்துவிட்டீர். எதில் நின்றீர் என்பதையும் எழுதியிருக்கலாம். சரி, நான் எழுதுகிறேன்.

கண்ணாடிக்குள் தண்ணி நிறைந்ததும் இவர் பதறிப்போய்க் காலை ஊன்றினார். அண்ணை லைஃப் ஜாக்கெற்றின் கொலரில் பிடித்து மேலே இழுத்து, "தம்பி, காலை வையாதை! உது கல்லில்லை, சீவன்!" என்று கத்தினது கரை வரைக்கும் கேட்டிருக்கும். ஏற்கெனவே தாமதம். இடுக்கில் இருந்த கறுப்பு முள்ளி, அதுதான் கடல் முள்ளெலி, குதிக்காலில் ஏழெட்டு முள்ளை விட்டுவிட்டது. பிடுங்கப் பிடுங்க உள்ளே முறிந்தது. தேத்தண்ணிக்கு என்று கொண்டுபோன சுடுதண்ணியைப் பதமாக ஆற்றி, வாளியில் விட்டு, அரை மணித்தியாலம் காலை வைத்திருக்கச் சொன்னார் அண்ணை. வலி குறைந்தது. எங்களுக்குத் தேத்தண்ணி போனது.

அந்த மாதிரி உருண்டைக் கல் பெரும்பாலும் வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் வளருமாம். கிடாரம் அளவு என்றால் எங்கள் எல்லோரையும் விட வயது கூட. இன்னொன்று: யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பாறைகளைப் பற்றி 2021இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. இலங்கையில் அதுவரை பதிவாகாத 36 முருகை இனங்களை மரபணுச் சோதனையோடு உறுதி செய்திருந்தார்கள். இவர் மிதித்தது அந்த 36இல் ஒன்றோ என்று வகுப்பில் இன்னும் பகிடி.

யாழ் திருநெல்வேலி அக்கா:

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைப் பக்கம் நிலாவெளி புறாத்தீவுக்குப் போனோம். அங்கே கரையில் மணலை விட முறிந்த முருகைத் துண்டுகள்தான் கூட, வெறுங்காலோடு நடக்க முடியாது. செட்டை நுனி கறுத்த சின்னச் சுறாக்கள் எங்களைக் கண்டதும் விலகிப் போயின. பயந்தது நாங்களா அவையா தெரியாது.

ஆனால் எனக்கு மனதில் நிற்பது ஒரு வெள்ளைக் கொம்புப் பாறை. வடிவாக இருக்கிறது என்று சொன்னேன். கூட வந்த ஆள், "அது வடிவில்லைப் பிள்ளை, அதுக்குக் காய்ச்சல்" என்றார். முருகைக்கு நிறமும் சாப்பாட்டில் பெரும்பங்கும் கொடுப்பது அதன் உடம்புக்குள் இருக்கிற பாசி. வழக்கமான கோடை உச்சத்தை விட ஒரு பாகை கூடி, அந்தச் சூடு சில கிழமை நின்றாலே பாசியை வெளியே தள்ளிவிடும். உடனே செத்துப்போகாது. தண்ணி கெதியாகக் குளிர்ந்தால் தப்பும். 1998இல் அப்படித் தப்பாமல் போனவை இலங்கையில் ஏராளம்.

பெட்டையளுக்கு ஒரு சொல்: முழுக்கைச் சட்டையும் கால்மூடின உடுப்புமாகப் போனதற்குப் பெடியள் பகிடி பண்ணினார்கள். இரண்டு மணித்தியாலம் குப்புற மிதந்த பிறகு, முதுகு எரிந்து ஒரு கிழமை குப்புறப் படுத்தவர்களும் அவர்கள்தான்.

நெடுந்தீவுப் பேரன்:

சரி, மிதித்தது நான்தான். கறுப்புப் புள்ளி இரண்டு இன்னும் குதிக்காலில் இருக்கிறது.

மீசைக்கு வழி கேட்டவர்களுக்கு: வஸ்லின் பூசிப் பார்த்தேன், கொஞ்ச நேரம்தான். அண்ணைக்கு என்னை விடப் பெரிய மீசை. எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து காட்டினார். மூக்கை ஒட்டி ஒரு நூல் அகலத்துக்கு வழித்து வைத்திருக்கிறார், றப்பர் அதில் போய் இருக்கும். நானும் அப்படிச் செய்திருக்கிறேன். வீட்டில் இன்னும் ஒருத்தரும் கவனிக்கவில்லை.