ஹெக்சேன் ஊற்றும்போது விரலில் சுரீர்: எர்த் கிளிப்பை எங்கே மாட்டுவது?

புதுக்குடுவை:
எங்கள் ஆய்வகத்தில் 20 லிட்டர் தகர டின்னில் ஹெக்சேன் வரும், எளிதில் தீப்பற்றும் கரைப்பான். அதை 5 லிட்டர் பிளாஸ்டிக் கேன்களில் ஊற்றி வைப்பது என் வேலை. நேற்று ஊற்றி முடித்து, கேன் வாயிலிருந்த ஸ்டீல் புனலை எடுக்கப் போனேன், விரலில் சுரீரென்றது. சின்ன ஷாக்தான், ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை. கேனின் கைப்பிடியில் ஓர் எர்த் கிளிப் மாட்டிவிட்டால் போதுமா?

பழைய பர்னர்:
கேனில் மாட்டிப் பயனில்லை. பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் நகராது. கிளிப் கடிக்கிற இடம் தவிர மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். உங்களைச் சுட்டது புனல். உலோகம், ஆனால் பிளாஸ்டிக் மேல் தனியாக உட்கார்ந்திருக்கிறது. ஹெக்சேன் ஓட ஓட அதில் சேர்ந்ததெல்லாம், உங்கள் விரல் வந்ததும் ஒரே பொறியாக இறங்கிவிட்டது.

ஹெக்சேன் ஆவி பற்றிக்கொள்ள சுமார் 0.24 மில்லிஜூல் போதும். உடம்பில் 2000 வோல்ட் ஏறியிருந்தாலே அந்தப் பொறி கிளம்பிவிடும். நமக்கு உறைப்பதோ பெரும்பாலும் 3000 வோல்ட் பக்கம் போன பிறகுதான். அதனால் ஷாக் அடிக்காத நாளெல்லாம் நல்ல நாள் என்று எண்ண வேண்டாம். ஆவி காற்றில் ஏறக்குறைய 1.1 முதல் 7.5 சதவீதம் இருந்தால்தான் பற்றும். கேனுக்குள் அதைவிட அதிகமாக இருந்திருக்கும். ஆனால் வாயைச் சுற்றி எங்காவது சரியான கலவை இல்லாமல் போகாது.

எனக்கு நடந்தது டொலுயீனில். டிரம் குழாயில் ஸ்டீல் வாளியைத் தொங்கவிட்டிருந்தேன். வாளியின் கம்பிப் பிடியில் பிளாஸ்டிக் உறை. அதுதான் குழாயில் பட்டது. டிரம்முக்கு எர்த் இருந்தது, வாளிக்கு இல்லை. நீலமாக ஒரு பொட்டு, அப்புறம் வாளி விளிம்பில் தீ. கையருகே தட்டு மூடி இருந்ததால் மூடிவிட்டேன். புருவம் வளர ஒரு மாதம் ஆனது.

பிளாஸ்டிக் கேனை விட்டுவிட்டு உலோகக் கேன் வாங்குங்கள். மூடியைத் திறப்பதற்கு முன்பே டின்னையும் கேனையும் கம்பியால் இணைத்து, ஒன்றை எர்த்தில் சேர்த்துவிடுங்கள். கழற்றுவது எல்லாம் மூடிய பிறகுதான். புனலின் தண்டு கேனின் அடிவரை போகட்டும். மேலிருந்து சிதறி விழுந்தால் மின்னூட்டம் கூடும். தண்டின் நுனி மூழ்கும்வரை மெதுவாக ஊற்றுங்கள்.

மூன்றாம் பெஞ்சு:
அசிட்டோனுக்கு இவ்வளவு தேவையில்லையே? அதுதான் மின்சாரத்தைக் கடத்துமே.

பழைய பர்னர்:
பாதி சரி. எர்த் ஆன கேனில் அசிட்டோனின் மின்னூட்டம் உடனே வடிந்துவிடும், ஹெக்சேன் போலத் தேங்காது. எர்த் இல்லாத கேனில் நிலைமை தலைகீழ்: கடத்துவதாலேயே, சேர்ந்தது முழுக்க ஒரே பொறியில் வெளியேறும். கம்பி மாட்டத்தான் வேண்டும்.

புதுக்குடுவை:
உலோகக் கேன் கேட்டு எழுதிவிட்டேன். இன்று அலமாரியில் கிடந்த பழைய இணைப்புக் கம்பியை எடுத்து டின்னில் மாட்டி, மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். ஒரு முனையில் இணைப்பே இல்லை. கிளிப் பெயின்ட்டைத்தான் கடித்துக்கொண்டிருந்தது. அரத்தால் சுரண்டி மாட்டிய பிறகு 2 ஓம் காட்டுகிறது.

பழைய பர்னர்:
அரத்தை டின் காலியாக இருக்கும்போதுதானே போட்டீர்கள்?

புதுக்குடுவை:
கழுவி, இரண்டு நாள் திறந்து வைத்த காலி டின்தான், ஐயா.