கரிசல் மண்ணில் 20 அடி கன்டெய்னர்: மழைக்குப் பிறகு கதவு மூட மாட்டேங்குது

கேள்வி:
கோவில்பட்டி பக்கம், கரிசல் காடு. உரம், விதை வைக்க 20 அடி கன்டெய்னர் இறக்கியிருக்கோம். நாலு மூலைக்கும் ஹாலோ பிளாக் அடுக்கித்தான் நிக்குது. ஐப்பசி மழைக்கு அப்புறம் வலது கதவு இறங்கிடுச்சு, லாக் கம்பி முனை கொக்கியில சேரலை. கீலுக்கு கிரீஸ் போட்டும் பயனில்லை. அடியில முழுசா ஸ்லாப் போட்டா சரியாகுமா?

பதில் 1:
கீல்ல கோளாறு இல்லைங்க. கதவுப்பக்க வலது மூலை இறங்கி சட்டம் கோணியிருக்கு. கன்டெய்னர் நிக்கிறதே நாலு மூலை வார்ப்புல (மூலையில இருக்கிற கனமான இரும்புக் கட்டி) மட்டும்தான். ஒண்ணொண்ணும் வெறும் 178×162 மி.மீ. அடித்தளக் குறுக்குச் சட்டங்கள் அதுக்கு 12 மி.மீ. மேலேயே நின்னுடும். அவ்வளவு சின்ன இடத்துல பாரம் இறங்கினா ஹாலோ பிளாக் நொறுங்கும், ஊறின கரிசலும் அமுங்கும்.

இப்போதைக்கு: சரக்கை இறக்கிட்டு, டியூப் லெவல்ல (தண்ணி நிரப்பின டியூப்) நாலு மூலையும் ஒரே மட்டமான்னு பாருங்க. தாழ்ந்த மூலையை ஒட்டி, பக்கவாட்டு அடிச் சட்டத்துல 10 டன் ஜாக்கி குடுங்க. ஜாக்கிக்கு அடியில கனமான பலகை வேணும். குறுக்குச் சட்டத்துல குடுத்தா வளைஞ்சிடும். கொஞ்சம் கொஞ்சமா தூக்கி, மூலை வார்ப்புக்கு அடியில 6 மி.மீ. இரும்புத் தகடு செருகுங்க. ரெண்டு கதவோட மேல் விளிம்பும் ஒரே கோட்டுக்கு வந்ததும் நிறுத்திடுங்க. கோடையில மண் வெடிக்கும்போது மறுபடி மாறும், அதனால இது தற்காலிகம்தான்.

பதில் 2:
ஸ்லாப் வேண்டாம். கரிசல்ல ஓரம் ஒரு அளவுக்கு ஊறி உப்பும், நடுவுல வேற அளவு. ஸ்லாப் முதுகு தூக்கி வெடிச்சிடும். நாலு தனித் தூண் போதும்.

ஒவ்வொரு மூலைக்கும் 4 அடி சதுரம், 4 அடி ஆழம் குழி. அடியில 18 அங்குலம் கிராவல் மண், 6 அங்குல அடுக்கா தண்ணி தெளிச்சு திமிசு போடுங்க. மணல், எம்-சாண்ட் கொட்டிடாதீங்க. குழி தண்ணித் தொட்டியாகி சுத்துக் கரிசலை ஊற வெச்சிடும். இந்த வேலையில அதிகம் நடக்கிற தப்பு இதுதான். அதுமேல 4 அங்குலம் 1:4:8 (சிமெண்ட், மணல், ஜல்லி) கான்கிரீட், பிறகு 3 அடி சதுரத்துல 12 அங்குல ஃபுட்டிங் (தூணுக்கு அடிப்பீடம்), 12 மி.மீ. கம்பி 6 அங்குல இடைவெளியில ரெண்டு பக்கமும். தூண் 12×12 அங்குலம், தரைக்கு மேல ஒன்றரை அடி. அடியில காத்து ஓடும், கரையான் ஏறினாலும் கண்ணுல படும். உள் தரை பிளைவுட்டாச்சே.

தூண் தலையில 10 மி.மீ. தகடு, கொக்கிக் கம்பியோட பதிங்க. வார்ப்பு மையத்துக்கு மையம் நீளம் 5853, அகலம் 2259 மி.மீ. ரெண்டு மூலைவிட்டமும் 6274 வரணும். தகடு நாலும் 3 மி.மீ.க்குள்ள ஒரே மட்டம். கன்டெய்னரை தகட்டோட வெல்டிங் வைக்காதீங்க. அடுத்த வருஷம் தகடு செருக வேண்டி வந்தா அறுக்கணும். கூரைத் தண்ணி தூணடியில விழாம சுத்தி 3 அடிக்கு சாய்வா தளம் போட்டுடுங்க. பக்கத்துல சீமைக் கருவேலம் இருந்தா வெட்டிடுங்க, வேர் ஒரு பக்கத்து ஈரத்தை மட்டும் உறிஞ்சிடும்.

இது சாமான் ரூமுக்கு. ஆள் தங்குற வீடுன்னா, 3.5 மீட்டர் ஆழத்துக்கு துளை போட்டு, அடியில குமிழ் விட்டு வார்க்கிற கான்கிரீட் தூண், அதாவது அண்டர்-ரீம் பைல்தான் சரி.

கேட்டவர்:
நன்றி அண்ணே. பின்னாடி 40 அடி வாங்கினா நடுவுல ரெண்டு தூண் சேர்க்கணுமா?

பதில் 2:
பக்கச் சுவரை வெட்டலைன்னா வேண்டாம் தம்பி, 40 அடியும் மூலையிலதான் நிக்கும். நடுத்தூண் இறங்காம மூலை மட்டும் இறங்கினா, பெட்டி நடுத்தூண் மேல நின்னு ரெண்டு முனையும் தொங்கி கதவு மறுபடி இறுகிடும். ஜன்னலுக்கோ ஷட்டருக்கோ சுவரை அறுத்தா மட்டும், அறுக்கிறதுக்கு முன்னாடி சட்டம் வெல்டிங் வெச்சுக்குங்க.