மொட்டை மாடியிலிருந்து ஒரு நட்சத்திரத்தின் காந்தச் செயல்பாட்டை அளக்க முடியுமா?

மாடிவானம் (மடிப்பாக்கம்)

சூரியனில் சுமார் 11 வருஷத்துக்கு ஒருமுறை கரும்புள்ளிகள் கூடிக் குறைகிற மாதிரி, பக்கத்தில் இருக்கிற சூரியன் போன்ற நட்சத்திரங்களுக்கும் காந்தச் சுழற்சி உண்டு, அதை அறுபதுகளிலிருந்தே அளந்துகொண்டு வருகிறார்கள் என்று படித்ததிலிருந்து ஒரே குடைச்சல். எவ்வளவு பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் ஒரு புள்ளிதானே தெரியப் போகிறது? அதில் காந்தப்புலம் இருக்கிறது, கூடுகிறது, குறைகிறது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

என்னிடம் 8 அங்குல நியூட்டோனியன் (கண்ணாடி வைத்த தொலைநோக்கி), ஒரு மோனோ சிமாஸ் கேமரா, வடிகட்டி மாதிரி திருகிப் போடுகிற ஸ்டார் அனலைசர் 100 கிரேட்டிங் (ஒளியை நிறமாலையாகப் பிரிக்கிற தகடு) இருக்கின்றன. சூரியன் போன்ற பக்கத்து நட்சத்திரங்களான எப்சிலான் எரிடானியும் டௌ செட்டியும் எங்கள் மாடியிலிருந்தே கண்ணுக்குத் தெரிகின்றன (மீனம்பாக்கம் பக்கத்து வெளிச்சத்தையும் மீறி). கரும்புள்ளி கூடினால் வெளிச்சம் குறையும், தினமும் பிரகாசத்தை அளந்தாலே போதும் என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். சரிதானா? இல்லை, ஸ்பெக்ட்ரோகிராப் (நிறமாலையை நுணுக்கமாகப் பதிகிற கருவி) வாங்கியே ஆக வேண்டும் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், வீட்டில் பேச வேண்டும்.

ஜவ்வாதுமலை

சார், நண்பர் சொன்னதை ஓரமாக வையுங்கள், அதற்கு வேறு யாராவது வருவார்கள். முதலில் கால்சியம்.

இந்த வகை நட்சத்திரத்தின் நிறமாலையில் ஊதா ஓரத்தில் 3934, 3968 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) அலைநீளத்துக்கு அருகே அகலமான இரண்டு கருங்கோடுகள் இருக்கும். அயனியான கால்சியம் உண்டாக்குபவை, முதலாவது கே, இரண்டாவது எச். கோட்டின் சரிவுகள் ஒளிமண்டலத்தில், அதாவது நாம் பார்க்கிற மேற்பரப்பில், உருவாகின்றன, அடிமட்டம் அதற்கு மேலே உள்ள நிறமண்டலத்தில் உருவாகிறது. காந்தப்புலம் வலுவாக இருக்கிற இடங்களில் நிறமண்டலம் கூடுதலாகச் சூடாகிறது, அப்போது அந்தக் கருங்கோட்டின் அடியில் ஒரு சின்ன ஒளிர்வு எழும்பும். நட்சத்திரம் புள்ளியாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, அதன் முகம் முழுவதிலும் உள்ள சூடான பகுதிகளின் கூட்டுக்கணக்கு அந்த ஒளிர்வில் வந்துவிடுகிறது.

ஆலின் வில்சன் 1966இல் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் 100 அங்குல தொலைநோக்கியை வைத்து இதைத்தான் ஆரம்பித்தார். அப்புறம் 60 அங்குலத்துக்கு மாறி 2003 வரை அந்தப் பணி ஓடியது. கே, எச் இரண்டின் நடுவிலும் சுமார் 1 ஆங்ஸ்ட்ராம் அகலத்துக்கு ஒளியை எண்ணுவார்கள், இரண்டு பக்கமும் 3901, 4001 அருகே 20 ஆங்ஸ்ட்ராம் அகலப் பட்டைகளில் எண்ணுவார்கள், முதலாவதை இரண்டாவதால் வகுத்து ஒரு மாறிலியால் பெருக்கினால் வருவது எஸ் குறியீடு, செயல்பாட்டின் அளவு. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த வகுத்தல்தான். நான்கு பட்டைகளும் பக்கம் பக்கமாக இருப்பதால் மெல்லிய மேகமோ தூசியோ குறுக்கே வந்தாலும் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் மங்கும், விகிதம் பெரிதாக அசையாது. பிரகாசத்தை நேராக அளப்பவருக்கு இந்த வசதி கிடையாது.

சூரியனுக்கு எஸ் சுழற்சியின் அடியில் 0.16, உச்சியில் 0.18 போல வரும், அவ்வளவுதான் வித்தியாசம். எப்சிலான் எரிடானிக்கு 0.5 சுற்றி. அது இளசு, 11 நாளில் ஒரு சுற்று சுற்றிவிடுகிறது, வேகமாகச் சுற்றினால் செயல்பாடும் அதிகம். 61 சிக்னி ஏ என்ற நட்சத்திரம் ஏழு வருஷத்துக்குச் சற்று மேல் ஒரு சுழற்சியை ஒழுங்காகக் காட்டுகிறது. டௌ செட்டி பல பத்தாண்டுகளாக ஏறக்குறைய நேர்கோடு. 1645 முதல் 1715 வரை சூரியன் ஏறக்குறைய கரும்புள்ளியே இல்லாமல் அடங்கிக் கிடந்த மாண்டர் காலம் இப்படித்தான் இருந்திருக்குமோ என்ற பேச்சு அதனால்தான். உறுதியாகச் சொல்வதற்கில்லை, ஆனால் சூரியனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தக் கேள்வியையே கேட்க முடியாது.

நம்ம ஊர்ச் சங்கதி ஒன்று: இதே கே கோட்டின் ஒளிர்வு எவ்வளவு அகலம் என்பதை வைத்து நட்சத்திரத்தின் உண்மையான பிரகாசத்தைச் சொல்லலாம் என்று 1957இல் வில்சனோடு சேர்ந்து எழுதியவர் நம் வானியலாளர் வைணு பாப்பு. காவலூரில் இருக்கிற 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு அவர் பெயர்தான்.

போட்டான்_எண்ணி

நண்பர் விஷயத்துக்கு நான் வருகிறேன். வெளிச்சம் குறையும் என்பது பாதிதான். சூரியன் தன் சுழற்சியின் உச்சத்தில், அதாவது கரும்புள்ளிகள் நிறைய இருக்கும்போது, சராசரியாகக் கொஞ்சம் அதிகமாகப் பிரகாசிக்கிறது! புள்ளிகளைச் சுற்றி வருகிற வெளிச்சத் திட்டுகள் இருட்டை ஈடுகட்டி அதற்கு மேலும் கொடுத்துவிடுகின்றன. அந்த மாற்றமும் 0.1 சதவீதம்தான், மடிப்பாக்கத்துக் காற்றில் அதைப் பிடிக்கப் போகிறேன் என்றால் எனக்குச் சிரிப்புதான் வரும், மன்னிக்கவும். இளம் நட்சத்திரங்களில் இது தலைகீழ், செயல்பாடு கூடினால் மங்குகின்றன.

போட்டோமெட்ரியில், அதாவது பிரகாசத்தை அளப்பதில், நன்றாக வருவது நட்சத்திரம் தன்னைத்தானே ஒருமுறை சுற்றுகிற காலம். புள்ளிக் கூட்டம் முகத்தைக் கடந்து போகும்போது ஒளி இறங்கி ஏறும். டெஸ் விண்கலத்தின் தரவு எல்லோருக்கும் திறந்தது, பைத்தானில் லைட்கர்வ் தொகுப்பு இருந்தால் ஒரு சாயங்காலத்தில் வரைந்துவிடலாம். ஒரு வானப்பகுதியைச் சுமார் 27 நாள்தான் ஒரு மூச்சில் பார்க்கும் என்பதால் 25 நாள் சுற்றுகிற சூரியன் மாதிரி கிழட்டு நட்சத்திரங்களுக்கு அது ஒத்துவராது, எப்சிலான் எரிடானிக்கு ஒத்துவரும்.

ஸீமன்_கோஷ்டி

மேலே பேசிய இரண்டு பேருமே காந்தப்புலத்தை அளக்கவில்லை, அதன் விளைவை அளக்கிறார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நேரடி வழி ஸீமன் விளைவு. காந்தப்புலத்தில் நிறமாலைக் கோடு பிளக்கும். 1908இல் வானியலாளர் ஹேல் சூரியனின் கரும்புள்ளியில் காந்தப்புலத்தைக் கண்டது இப்படித்தான். நட்சத்திரத்தில் என்ன சிக்கல் என்றால், 1000 காஸ் (காந்தப்புல வலிமையின் அலகு) புலம் 6173 ஆங்ஸ்ட்ராம் இரும்புக் கோட்டை நகர்த்துவது சுமார் 0.04 ஆங்ஸ்ட்ராம், நட்சத்திரம் நொடிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் சுழன்றாலே கோடு அதே அளவு மழுங்கிவிடும். பிளவு அலைநீளத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது என்பதால் அகச்சிவப்பில் போய் அளக்கிறார்கள்.

இன்னொரு வழி ஒளியின் தளவிளைவு, அதாவது ஒளி அலை அதிர்கிற விதத்தை அளப்பது. வடக்கு முனையும் தெற்கு முனையும் எதிரெதிர்க் குறி கொடுக்கும், புள்ளியாகப் பார்க்கும்போது பெரும்பகுதி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், மிச்சம் வருவது சில காஸ். ஆயிரக்கணக்கான கோடுகளை ஒன்றாகக் கூட்டித்தான் அந்த மிச்சத்தைத் தேற்றுகிறார்கள். ஹவாயில் எஸ்படான்ஸ், பிரான்சின் பிக் டு மிடியில் நார்வல் (பிறகு நியோ-நார்வலாக மாற்றப்பட்டது) என்று இதற்கென்றே கருவிகள். ஆனால் கால்சியம் ஒருபோதும் சொல்லாத ஒன்றை இது சொல்லும்: முனை மாறியதா இல்லையா என்று. 61 சிக்னி ஏயில் சூரியனில் போலவே முனைகள் இடம் மாறுவதை 2016இல் வெளியிட்டார்கள்.

மாடியில் செய்ய முடியுமா என்றால், இது முடியாது. சும்மா தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாடிவானம்

எல்லோருக்கும் நன்றி. அப்போது கால்சியம்தான் என் வழி என்று தோன்றுகிறது. ஸ்டார் அனலைசரில் கே, எச் இரண்டும் லேசாகப் பள்ளமாகத் தெரிகின்றன, அதில் எஸ் கணக்கிட்டால் என்ன?

ஜவ்வாதுமலை

வேண்டாம் சார். உங்கள் கிரேட்டிங்கின் பிரிதிறன் (அலைநீளத்தை, பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய வித்தியாசத்தால் வகுத்த எண்) 100, 150 இருக்கும், 4000 ஆங்ஸ்ட்ராமில் அது 30, 40 ஆங்ஸ்ட்ராம் பூச்சு. கேக்கும் எச்சுக்கும் இடைவெளியே 35. நமக்கு வேண்டிய ஒளிர்வோ 1 ஆங்ஸ்ட்ராமுக்குள் ஒளிந்திருக்கிறது. போதாக்குறைக்கு எச்சின் பக்கத்திலேயே 3970இல் ஹைட்ரஜன் கோடு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் எப்சிலான் எரிடானி நடுராத்திரியில் உச்சிக்கு வருவது நவம்பர் நடுவில், சென்னையில் அந்த நேரம் வானம் எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். பொங்கலுக்கு அப்புறம் சாயங்காலத்தில்தான் பிடிக்க வேண்டும்.

செலவில்லாத வழி: ஐரோப்பிய தெற்கு ஆய்வகத்தின் காப்பகத்தில் ஹார்ப்ஸ் கருவி எடுத்த நிறமாலைகள் இலவசம். 378 நானோமீட்டரில் தொடங்குவதால் கே, எச் இரண்டும் உள்ளே, பிரிதிறன் 1,15,000. டௌ செட்டிக்கும் எப்சிலான் எரிடானிக்கும் குவியல் குவியலாக இருக்கிறது. இறக்கி, நட்சத்திரத்தின் திசைவேகத்தைக் கழித்து, பட்டைகளைக் கூட்டி வகுத்தால் உங்களுக்கு ஒரு எண் வரும். அது மவுண்ட் வில்சன் எண்ணாக இருக்காது. இரண்டு இடத்திலும் அளந்த அமைதியான, துடிப்பான நட்சத்திரங்கள் கொஞ்சத்தை எடுத்து, உங்கள் எண்ணை எக்ஸில், அவர்கள் எண்ணை ஒய்யில் போட்டு ஒரு கோடு பொருத்துங்கள். எல்லாக் குழுக்களும் இதைத்தான் செய்கின்றன, இதைச் செய்யாமல் எஸ் 0.2 என்று எழுதினால் யாரும் மதிக்க மாட்டார்கள்.

மாடியிலேயே கையால் செய்ய ஆசை என்றால் சூரியனைப் பிடியுங்கள். சோலெக்ஸ் என்று முப்பரிமாண அச்சில் செய்துகொள்கிற ஒரு ஸ்பெக்ட்ரோகிராப் இருக்கிறது, கே கோட்டைத் தெளிவாகக் காட்டும். 8 அங்குலத்தை மட்டும் சூரியன் பக்கம் திருப்பிவிடாதீர்கள், சின்ன ஒளிவிலகுத் தொலைநோக்கியும் அதற்கென்ற தணிப்பு ஏற்பாடும் வேண்டும்.

போட்டான்_எண்ணி

சூரியனை நட்சத்திரம் மாதிரி முழு முகமாக அளக்க வேண்டும் என்றால் ஸ்பெக்ட்ரோகிராப்பின் ஸ்லிட்டை (ஒளி நுழைகிற மெல்லிய பிளவை) பகல் வானத்துக்குக் காட்டலாமே, சூரிய ஒளிதானே அது?

ஜவ்வாதுமலை

தோன்றும், ஆனால் அதில்தான் மாட்டிக்கொள்வோம். காற்று மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கும்போது கொஞ்சம் அலைநீளம் மாறி கருங்கோட்டின் அடியை நிரப்பிவிடும். கிரெய்ஞ்சர், ரிங் இருவரும் 1962இல் நிலவொளியோடு ஒப்பிட்டு இதைக் காட்டினார்கள், அதுவும் இதே கால்சியம் கோட்டில். காலையில் ஒரு அளவு, மத்தியானம் வேறு அளவு என்று அது மாறவும் செய்யும், நாம் தேடுவதோ 0.02 வித்தியாசம். நிலாவைப் பிடியுங்கள், உயரத்தில் இருக்கும்போது. சூரியனின் 25வது சுழற்சி 2024இல் உச்சத்தைத் தொட்டுவிட்டது, இப்போது ஆரம்பித்தால் இறங்குமுகம் முழுவதும் உங்களுக்குக் கிடைக்கும்.

மாடிவானம்

நிலாவுக்குச் செலவு இல்லை என்பதால் வீட்டில் பேச வேண்டியது சோலெக்ஸுக்கு மட்டும்தான். இந்த வாரம் ஹார்ப்ஸ் கோப்புகளை இறக்கிப் பார்க்கிறேன், கோடு பொருத்துகிற இடத்தில் சந்தேகம் வந்தால் இங்கேயே கேட்கிறேன்.