ஆச்சிக்குக் கல்யாண டிவிடி காட்டப் போன கதை

2009-இல் நடந்தது. காலில் கட்டோடு சென்னையில் கிடந்ததால் தங்கை கல்யாணத்துக்கு ஆச்சியால் வர முடியவில்லை. ஊருக்குக் கூட்டிப் போகும்போது ரயிலிலேயே போட்டுக் காட்டிவிடலாம் என்று ஏழு அங்குல போர்ட்டபிள் பிளேயரையும் எடுத்துக்கொண்டு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினேன்.

தாம்பரம் தாண்டியதும் டிஸ்க்கை வைத்து மூடினேன். கிர்... கிர்... என்று ஐந்தாறு முறை முனகிவிட்டு, திரையில் 'நோ டிஸ்க்'. வேட்டி நுனியால் துடைத்துப் போட்டேன். அதே கதை. "ஏல, மாப்பிள்ளை மூஞ்சி மட்டுமாவது தெரியுமா?" என்றாள் ஆச்சி. விழுப்புரத்துக்குள் பேட்டரியும் காலி. இத்தனைக்கும் வீட்டுக் கம்ப்யூட்டரில் அதே டிஸ்க் ஜம்மென்று ஓடியது.

குற்றம் என் கஞ்சத்தனத்தில். அழித்து அழித்து எழுதலாமே என்று டிவிடி-ஆர்டபிள்யூவில் எழுதியிருந்தேன். கடையில் வாங்கும் சினிமா டிவிடி ஒரே அடுக்காக இருந்தால், தன் மேல் படும் லேசர் ஒளியில் 45 முதல் 85 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். ஆர்டபிள்யூ அனுப்புவது 18 முதல் 30 வரைதான். அந்த மங்கலான ஒளியைக் கம்ப்யூட்டர் டிரைவ் எப்படியோ படித்துவிட்டது, என் பிளேயரால் முடியவில்லை. ஊரில் ஒரே ஒரு முறை மட்டும் எழுதக்கூடிய சாதாரண டிவிடி-ஆர் ஒன்று வாங்கி, 4எக்ஸ் என்ற குறைந்த வேகத்தில் எழுதினேன், ஓடிவிட்டது. வேகத்தைக் குறைத்ததாலா என்று கேட்டால், டிஸ்க் மாறியதால்தான் என்பேன்.

---

அண்ணே, உங்களுக்கு டிஸ்க்காவது மாற்ற முடிந்தது. நாங்கள் பையன் பிறந்தநாளை 8 சென்டிமீட்டர் குட்டி டிவிடியில் பதியும் கேமராவில் எடுத்தோம். மற்ற பிளேயர்களிலும் ஓடும்படி டிஸ்க்கை எழுதி முடிக்கும் 'ஃபைனலைஸ்' வேலையைச் செய்வதற்குள் கேமரா செத்துப்போனது. போர்ட்டபிள் பிளேயர் தொடவே இல்லை, கம்ப்யூட்டரோ காலி டிஸ்க் என்றது. அடிப்பக்கத்தைச் சாய்த்துப் பார்த்தால் எழுதிய இடம் வளையமாக நிறம் மாறித் தெரிகிறது! வீடியோ உள்ளேதான் இருக்கிறது, பொருளடக்கம்தான் எழுதப்படவில்லை. கடைசியில் படிக்க முடியாத டிஸ்க்கிலிருந்து கோப்புகளை மீட்கும் ஐசோபஸ்டர் மென்பொருளைப் போட்டுத்தான் வெளியே எடுத்தேன். கேக் வெட்டியது கிடைத்தது, அதுவரைக்கும் நிம்மதி.

---

எழுதும் டிவிடியில் மைனஸ் ஆர் (டிவிடி-ஆர்), பிளஸ் ஆர் (டிவிடி+ஆர்) என்று இரண்டு வகை உண்டு. என் பிளேயருக்கு மைனஸ் ஆர் பிடிக்கும், பிளஸ் ஆர் ஆகாது. டஜன் கணக்கில் பிளஸ் வாங்கி வைத்துவிட்டேன். தூக்கிப்போட மனசு வருமா? இது எந்த வகை டிஸ்க் என்று பிளேயருக்குச் சொல்ல, 'புக் டைப்' என்று டிஸ்க்கில் ஒரு குறிப்பு இருக்கிறது. என் ரைட்டர் அதை மாற்ற விட்டது. டிவிடி-ரோம் என்று மாற்றி எழுதினேன், சினிமா டிவிடி என்று நம்பி பிளேயர் ஓட்டிவிட்டது. எல்லா ரைட்டரிலும் இந்த வசதி கிடையாது, மைனஸ் ஆரில் இந்தத் தந்திரம் பலிக்கவும் பலிக்காது.

அது சரி அண்ணே, ஆச்சி பார்த்தார்களா இல்லையா?

---

பார்த்தாள் தம்பி. பந்தியில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். தாலி கட்டும் இடம் வருவதற்குள் தூங்கிவிட்டாள்.