காலையில் மட்டும் வரும் வயிற்று வலி

பதின்பருவப் பிள்ளைகளின் மனச்சோர்வைப் பற்றித் திருநெல்வேலி மாவட்டத்து மூவர் சொல்பவை இவை.

முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு சித்தி:

என் அக்கா மகள் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த சில மாதங்களில், பள்ளி நாள் விடிந்தாலே வயிற்று வலி என்று சுருண்டு படுக்கத் தொடங்கினாள். ஆச்சி திருநீறு போட்டு, ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார். ஸ்கேனிலும் ஒன்றுமில்லை என்றதும், "படிக்க மடி, அதான் நடிக்கா" என்ற பேச்சு எழுந்தது. கூடவே பெரியப்பா மகனின் மதிப்பெண்ணும் வந்தது. பதின்பருவத்து மனச்சோர்வும் பதற்றமும் பல நேரங்களில் தலைவலி, வயிற்று வலி, தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல் என்றே வெளிப்படும் என்பதையும், அந்த வலி பொய்யன்று என்பதையும் மருத்துவர்தான் எடுத்துச் சொன்னார்.

அக்கா பீடி சுற்றுபவர். அவர் மடியில் சுளகை வைத்துச் சுற்ற, மகள் பக்கத்தில் அமர்ந்து இலை வெட்டிக் கொடுப்பாள். மாமா எதிரே உட்காரவைத்துக் கேட்டபோதெல்லாம் வாய் திறக்காதவள், ஒருநாள் இரவு, இருவர் கண்ணும் இலையிலேயே இருந்த நேரத்தில் தானாகப் பேசினாள். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகத் திரிந்த தோழிகள் இவளை விட்டுவிட்டுத் தனியாக வாட்ஸ்அப் குழு தொடங்கியிருக்கிறார்கள். மதியம் இவள் தனியாகத்தான் சாப்பிடுகிறாள். அக்கா புத்தி எதுவும் சொல்லவில்லை. "பொறவு?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே நூலைச் சுற்றினார். வலி உடனே நின்றுவிடவில்லை. ஆனால் வலிக்கிற அன்று அதன் காரணத்தையும் சொல்லத் தொடங்கினாள்.

நாங்குநேரி வட்டாரத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்:

நம் மாவட்டத்துப் பள்ளிகளில் நட்பைப் பற்றிப் பேசினால் சாதியைக் காட்ட மணிக்கட்டில் கட்டும் கயிற்றைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் உடன் படித்தவர்களாலேயே வீட்டில் வெட்டப்பட்ட பின்னர் அமைக்கப்பட்ட, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, கயிறு கட்ட மறுத்த ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனை எனக்குத் தெரியும். அவனுடைய உற்ற தோழன் வேறு தெருக்காரன். சொந்தத் தெருப் பையன்கள் விளையாட்டில் சேர்க்காமல் ஒதுக்கியதும் பேச்சு குறைந்தது, வருகை குறைந்தது, அழகான கையெழுத்து கிறுக்கலானது. "கட்டிக்கிட்டுதான் போயேம்ல" என்றார் தந்தை. தாத்தாதான், "அவனுக்குப் பிடிக்கலன்னா விடு" என்று சொல்லிவிட்டுத் தினமும் சைக்கிளில் பள்ளி வாசல் வரை கொண்டுவந்து விட்டார். அவன் படிப்பை முடித்ததற்கு அந்த முதியவரே முதற்காரணம் என்பது என் கருத்து. எங்கள் அறிவுரை வகுப்புகள் அதற்கு ஈடாகா.

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தாய்:

சோர்ந்துபோயிருந்த என் மகளை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போகலாம் என்றதும், "நாளைக்கு இவளை எவன் கட்டுவான்?" என்று என் மாமியார் கேட்டார். 10 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களில் ஏழில் ஒருவருக்கு மனநலக் கோளாறு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அப்படியென்றால் ஒரு தெருவுக்கு எத்தனை வீடு என்று அவரையே எண்ணச் சொன்னேன். நேரில் போகத் தயங்குபவர்கள், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசுத் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று பிள்ளை விளையாட்டாகச் சொன்னாலும், தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.