கரண்ட் போனதோடு ஆப்ட் (மென்பொருள் போடும் கருவி) படுத்துவிட்டது, திரும்ப இன்ஸ்டோல் செய்யாமல் வழி உண்டா?

மல்லாவிப்பெடியன்:
மல்லாவிப் பக்கம் போட்டோகொப்பி, பிரிண்ட் எடுக்கும் சின்னக் கடை. கணினியில் உபுண்டு லினக்ஸ் 22.04. நேற்றுப் பின்னேரம் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது இடி மழையோடு கரண்ட் போய்விட்டது, யூபிஎஸ் பற்றரி எப்போதோ செத்தது. இப்போது கணினி எழும்புகிறது, லிப்ரே ஒபிஸ் திறக்கிறது, ஆனால் ஆப்ட் என்று எதைத் தட்டினாலும் ஸ்டேட்டஸ் கோப்பைத் திறக்கவோ வாசிக்கவோ முடியவில்லை என்கிறது. ஆப்ட்டுக்கு அடியில் வேலை செய்யும் டிபிகேஜிக்கு, பாதியில் நின்றதை முடிக்கச் சொல்லி சூடோ டிபிகேஜி --கொன்பிகர் -ஏ கொடுத்தாலும் அதே இடத்தில்தான் நிற்கிறது. /வார்/லிப்/டிபிகேஜி/ஸ்டேட்டஸ் கோப்பை லெஸ் போட்டுப் பார்த்தேன், பாதிக்குக் கீழே எழுத்தே இல்லை, வெறும் ^@^@^@^@ தான்.

எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடச் சொல்லாதீர்கள். போனில் ஹொட்ஸ்பொட் போட்டுத்தான் இன்டர்நெட், சிக்னலும் கடை வாசலில் மட்டும்தான். பாமினி எழுத்துரு, பிரிண்டர் செட்டிங் என்று திரும்பச் செய்ய எத்தனையோ இருக்கிறது.

ஒட்டுசுட்டான்32:
லொக் கோப்புகளை ஆர்எம் கொடுத்து அழித்துவிட்டு சூடோ ஆப்ட் கிளீன், அப்புறம் ஆப்ட் அப்டேட். சரியாகிவிடும்.

குளக்கட்டு:
தம்பி மல்லாவி, மேலே சொன்னதைச் செய்துவிடாதீர்கள். லொக் கோப்பு எப்போதும் அங்கேதான் கிடக்கும், பூட்டைப் போடுவது கேர்னல் (இயங்குதளத்தின் கரு), கணினியை நிறுத்தி எழுப்பியவுடன் அது தானாகப் போய்விடும், ஆகவே கோப்பை அழிப்பதில் பலன் ஒன்றுமில்லை. அதைவிட மோசம் ஆப்ட் கிளீன். நேற்று இறக்கிய பொதிகள் (மென்பொருள் பக்கேஜ்கள்) இன்னும் /வார்/கேச்/ஆப்ட்/ஆர்கைவ்ஸ் போல்டரில்தான் இருக்கும், வேலை முடிந்தால்தானே ஆப்ட் அவற்றை அழிக்கும். கிளீன் கொடுத்தால் வாசலில் நின்று இறக்கிய டேட்டா அவ்வளவும் போச்சு. நகரத்தில் பைபர் லைன் வைத்திருப்பவர்கள் எழுதும் தீர்வுகளில் இது எப்போதும் முதல் வரியில் வரும்.

உங்களுக்குப் பழுதானது ஒரேயொரு கோப்பு. கடன்காரர் பெயர் எழுதிய கொப்பி நனைந்தால் கடைச் சாமான் நனைந்ததாகாது, அதுபோல ஸ்டேட்டஸ் என்பது என்ன பொதி, எந்தப் பதிப்பு என்ற பதிவு மட்டும்தான். அதற்குப் பிரதிகளும் உண்டு. முதலில் டிபிகேஜி போல்டரை முழுதாக சிபி -ஏ கொடுத்து /ரூட்டுக்குள் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பிறகு /வார்/பேக்கப்ஸ் உள்ளே பாருங்கள், டிபிகேஜி.ஸ்டேட்டஸ்.0 இருக்கும், அதற்கு முந்தியவை .1.ஜிஇசட் என்று சுருக்கப்பட்டுக் கிடக்கும். டிபிகேஜி போல்டரிலேயே ஸ்டேட்டஸ்-ஓல்ட் என்று ஒன்று இருந்தாலும் அது அப்டேட் நடுவில் எழுதியதாக இருக்கலாம், நான் பேக்கப்ஸைத்தான் நம்புவேன். .0 கோப்பைக் கடைசிவரை உருட்டிப் பார்த்து, நடுவில் குப்பை இல்லையென்றால் அதை ஸ்டேட்டஸ் என்ற பெயரில் கொப்பி பண்ணுங்கோ. டிபிகேஜிக்குள் அப்டேட்ஸ் என்ற போல்டரில் 0001 மாதிரிப் பெயரோடு ஏதும் கிடந்தால் அதையும் வெளியே நகர்த்துங்கள்.

இனி கொன்பிகர் -ஏ, பிறகு சூடோ ஆப்ட்-கெட் -எஃப் இன்ஸ்டோல், பிறகு சூடோ ஆப்ட்-கெட் அப்கிரேட். பதிவு பழையது என்பதால் நேற்றுப் போட்டவற்றையே திரும்பப் போடப் பார்க்கும், போடட்டும், கேச்சில் இருப்பதைத்தான் எடுக்கும். ஒய்யா (ஆம்) என்னா (இல்லை) என்று கேட்கும் இடத்துக்குச் சற்று மேலே நீட் டு கெட் என்று ஒரு வரி வரும், அதில் சாய்கோட்டுக்கு இடப்பக்கத்து எண்தான் இறக்க வேண்டியது, வலப்பக்கம் மொத்தம். இடது எண் பெரிதாக இருந்தால் 'என்' எழுத்தைக் கொடுத்து நிறுத்திவிட்டு இங்கே வந்து கேளுங்கள்.

மல்லாவிப்பெடியன்:
அண்ணை, .0 சுத்தமாக இருந்தது! நீட் டு கெட் 0 பி/212 எம்பி என்று வந்தது, ஒரு எம்பியும் இறக்கவில்லை. ஆனால் நடுவில் மாட்டிக்கொண்டது: லிப்கப்ஸ்2 பொதியின் கோப்புப் பட்டியலில் கடைசி நியூலைன் (வரி முடிவுக் குறி) இல்லையாம். பிரிண்ட் வேலையே அதில்தானே?

குளக்கட்டு:
அதே கரண்ட் செய்த வேலைதான். /வார்/லிப்/டிபிகேஜி/இன்போ உள்ளே லிப்கப்ஸ்2:ஏஎம்டி64.லிஸ்ட் கோப்பை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு, சூடோ ஆப்ட்-கெட் இன்ஸ்டோல் --ரீஇன்ஸ்டோல் லிப்கப்ஸ்2. பட்டியலைக் காணவில்லை என்று ஒரு எச்சரிக்கை வரும், விடுங்கள், போட்டு முடிய அதுவே புதிதாக எழுதிக்கொள்ளும். வேறு பொதிக்கும் இதே பிழை வந்தால் இதே வைத்தியம்தான்.

பாலைமரம்:
இடையில் வருகிறேன். டிபிகேஜி ஸ்டேட்டஸை நேராக அழித்து எழுதுவதில்லை, புதுக் கோப்பில் எழுதி, அது டிஸ்க்கில் பதிந்த பிறகுதான் பெயர் மாற்றும். ஆகவே வெறும் கரண்ட் கட்டுக்கு அது இப்படிக் கெடுவது குறைவு. இரண்டு கோப்பு கெட்டிருக்கிறது என்றால் எனக்கு டிஸ்க் மேல்தான் சந்தேகம். ஒன்றும் இறக்கத் தேவையில்லை, உபுண்டுவோடு வரும் டிஸ்க்ஸ் செயலியில் மேலே மூன்று புள்ளியை அழுத்தி ஸ்மார்ட் டேட்டா (டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்து வைக்கும் கணக்கு) பாருங்கள். ரீஅலொகேட்டட் செக்டர் கவுன்ட் (பழுதாகி மாற்றப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை) என்ற வரியில் பூச்சியம் இல்லாமல் வேறு எண் இருந்தால், அதுவும் அடுத்த கிழமை பார்க்கும்போது கூடியிருந்தால், ஆப்ட்டை அப்படியே விட்டுவிட்டு முதலில் வாடிக்கையாளர் கோப்புகளை வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள்.